பெரிய தூண்டில் கடைகள் ஒன்றாகும்போது நம் கைவினை இரைகளுக்கு என்ன நேர்கிறது?

வாவிக்கரையோன் (கல்லடி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த பத்து ஆண்டுகளாக ஓய்வு நேரங்களில் மரத்தில் பொய்யிரை செதுக்கி வருகிறேன். முள்முருக்கு மரத்தை நிழலில் காயவைத்து, கொடுவாவுக்கும் பாரைக்கும் ஏற்ற அளவில் சீவி, எபொக்சி பூசி, மட்டக்களப்பு வாவியில் கடலுக்கு வழிவிட ஆற்றுவாய் வெட்டப்பட்ட பின்னர் முகத்துவாரப் பக்கம் நானே எறிந்து பார்த்து, நேராக ஓடுவதை மட்டுமே விற்பேன். மாதத்துக்கு முப்பது நாற்பது இரைகளுக்கு மேல் என்னால் செய்ய முடியாது. இதை நம்பி வீடு நடக்கவில்லை என்றாலும் மகளின் ரியூஷன் செலவு இதிலிருந்துதான் போகிறது.

இதுவரை கொழும்பில் இரண்டு வியாபாரிகள் என் இரைகளை எடுத்து வந்தார்கள். ஒருவர் விலையைக் குறைத்துக் கேட்டால் மற்றவரிடம் கொடுப்பேன். அதனால் இருவருமே ஓரளவு நியாயமாக நடந்துகொண்டார்கள். சென்ற ஆண்டு அவர்களில் ஒருவர் மற்றவரின் வியாபாரத்தை வாங்கிவிட்டார். இப்போது அவர் ஒருவரே மூன்று நிபந்தனைகளை வைத்திருக்கிறார்: இரையில் என் பெயருக்குப் பதிலாக அவருடைய கடையின் பெயர் இருக்க வேண்டும், பணம் 90 நாட்களுக்குப் பிறகே தரப்படும், வேறு எவருக்கும் நான் விற்கக் கூடாது. கையெழுத்துப் போட இன்னும் இரண்டு கிழமைதான் தவணை.

இதோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. டொரொண்டோவில் உள்ள என் மச்சான் அங்குள்ள பெரிய கடையில் ஒரு குறிப்பிட்ட மும்முள் தூண்டிலை வாங்கி, ஊருக்கு வருபவர்களிடம் கொடுத்தனுப்புவார். அந்த முள்ளின் எடைக்கு ஏற்பத்தான் என் இரைகளின் வயிற்றில் ஈயம் வைக்கிறேன். அது இப்போது அங்கே தட்டில் இல்லை என்கிறார். கடைகள் ஒன்றானதன் விளைவு இது என்பது அவருடைய எண்ணம். உண்மையில் அப்படித்தானா? அமெரிக்காவிலும் கனடாவிலும் இத்தகைய இணைப்புகள் நடந்தபோது மீன் பிடிப்பவர்களுக்கும் என்னைப் போன்ற சிறு செய்வினைஞர்களுக்கும் என்ன ஆனது? அறிந்தவர்கள் சொன்னால் என் முடிவுக்கு உதவியாக இருக்கும்.

ஆரையம்பதியான் (டொரொண்டோ) எழுதியது:

வணக்கம் தம்பி. உங்கள் மச்சான் சொல்லும் இணைப்பை நான் ஒரு வாடிக்கையாளனாக அருகிலிருந்து பார்த்தவன் என்பதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

இரண்டும் தூண்டில், வேட்டைச் சாமான் விற்கும் பெரிய அமெரிக்கக் கடைத்தொடர்கள். பாஸ் புரோ ஷொப்ஸ் நிறுவனம் கபேலாஸ் நிறுவனத்தை வாங்கப்போவதாக 2016 ஒக்டோபரில் அறிவித்தது. பங்கொன்றுக்கு 65.50 டொலர் என்று முதலில் பேசிய விலை அடுத்த ஆண்டு 61.50 டொலராகக் குறைக்கப்பட்டு, 2017 செப்டெம்பர் இறுதியில் விற்பனை முடிந்தது. இரண்டுமே சிறு முதலீட்டில் தொடங்கியவை என்பதை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். மிசூரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், தந்தையின் மதுக்கடையின் பின்பக்கத்தில் எட்டுச் சதுர அடி இடத்தில் தூண்டில் சாமான் விற்கத் தொடங்கியவர் ஜொனி மொரிஸ், அது 1972. கபேலாஸ் அதற்கும் முந்தியது. 1961இல் டிக் கபேலா சிக்காகோவில் நடந்த ஒரு தளபாடக் கண்காட்சியில் 45 டொலருக்குக் கையால் கட்டிய ஈ வடிவ இரைகளை வாங்கி வந்து, நெப்ராஸ்கா மாநிலத்தின் சாப்பெல் என்னும் சிற்றூரில் தன் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்து மனைவியுடன் அஞ்சலில் விற்றார். ஒரு டொலருக்குப் பன்னிரண்டு என்று பத்திரிகையில் கொடுத்த முதல் விளம்பரத்துக்கு ஒரேயொரு ஆள்தான் பதில் எழுதினாராம். ஐந்து இரைகள் இலவசம், அஞ்சற் செலவுக்கு 25 சதம் மட்டும் அனுப்பினால் போதும் என்று மாற்றி விளம்பரம் செய்த பிறகுதான் கடிதங்கள் குவியத் தொடங்கின. கையால் கட்டிய இரையே அந்த நிறுவனத்தின் வேர். இன்று அதே நிறுவனத்தின் இணைப்பை எண்ணிக் கையால் இரை செய்யும் ஒருவர் கல்லடியில் கவலைப்படுவது என் மனதை உறுத்துகிறது.

இணைப்பினால் மிகப் பெரிய அடி விழுந்தது சிட்னி என்னும் ஊருக்கு. அவுஸ்திரேலியாவின் சிட்னி அன்று, நெப்ராஸ்காவில் ஏழாயிரம் பேர்கூட இல்லாத ஒரு சிறு நகரம். கபேலாஸின் தலைமையகம் அங்கேதான் இருந்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் பேருக்கு வேலை கொடுத்திருந்தது. இணைப்புக்குப் பின்னர் கொள்முதல், கணக்கு, பட்டியல் தயாரிப்பு முதலிய வேலைகள் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போயின. எந்தச் சாமானை வாங்குவது, எதை விடுவது என்று முடிவெடுக்கும் இரண்டு மேசைகளில் ஒன்று இல்லாமற்போனது. உங்கள் முள்ளுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை இந்த இடத்திலிருந்துதான் பார்க்க வேண்டும். முன்னர் ஒரு சிறு உற்பத்தியாளரை ஓர் அலுவலகம் நிராகரித்தால் மற்றதின் கதவைத் தட்டலாம். பிறகு தட்டுவதற்கு ஒரே கதவுதான்.

வாங்குபவனாக நான் கண்டது இது. இரு கடைகளின் பெயர்ப்பலகைகளும் அப்படியே இருக்கின்றன. உள்ளே போனால் தட்டுகள் ஆண்டுக்கு ஆண்டு ஒன்றையொன்று ஒத்து வருகின்றன. கடையின் சொந்தப் பெயரிட்ட பொருட்கள் கண் மட்டத்தில் இருக்கின்றன. பாஸ் புரோவுக்கு எக்ஸ்பிஎஸ் என்ற பெயரில் பொய்யிரைகளும், ஒயிட் ரிவர் என்ற பெயரில் ஈ வடிவ இரைக்கான சாமான்களும் முன்பே இருந்தன. கடைக்காரருக்குத் தன் பெயரிட்ட பொருளில் லாபம் கூடுதல் என்பதால், மெதுவாக விற்கும் உதிரிப் பொருட்கள், அதாவது தனி முட்கள், வளையங்கள், கம்பிகள், தட்டிலிருந்து முதலில் இறங்குகின்றன. ஆயிரம் பேர் வாங்கும் இரைக்கும் பத்துப் பேர் வாங்கும் ஸ்பிளிட் றிங்குக்கும் (முள்ளை இரையோடு இணைக்கும் சிறு வளையம்) தட்டில் ஒரே அளவு இடந்தானே வேண்டும்.

ஒன்றை நேர்மையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இத்தகைய இணைப்பு ஒவ்வொரு முறையும் கேள்வியில்லாமல் நடந்துவிடவில்லை. அதே பாஸ் புரோவின் தாய் நிறுவனம் 2020 டிசம்பரில் அதே வகைக் கடைகளை நடத்தும் ஸ்போர்ட்ஸ்மன்ஸ் வெயர்ஹவுஸ் நிறுவனத்தைப் பங்கொன்றுக்கு 18 டொலர் கொடுத்து வாங்கப்போவதாக அறிவித்தது. அமெரிக்காவின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் இசைவு தராது என்று தெரிந்ததும், ஓராண்டு கழித்து இரு தரப்பும் அதைக் கைவிட்டன. அங்கே அதைக் கேட்க ஓர் அமைப்பு இருந்தது. உங்கள் கொழும்பு வியாபாரியின் அளவுக்கு வந்து யாரும் கேட்கப்போவதில்லை. ஆகவே நீங்களேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடற்கரை வீதிக் கடை (சாய்ந்தமருது) எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். தம்பி, நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக வலை, தங்கூசி, தூண்டில் சாமான் விற்கும் கடை வைத்திருப்பவன். டொரொண்டோத் தம்பி கடைகள் ஒன்றானதைச் சொன்னார். கடைக்காரனாகிய எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது பொருள் செய்யும் கம்பனிகள் ஒன்றானதுதான்.

கடலுக்குப் போகிறவர்கள் என்னிடம் வந்து பென் றீல் கேட்பார்கள், அபு கார்சியா கேட்பார்கள், ஷேக்ஸ்பியர் றொட் கேட்பார்கள். மூன்றும் மூன்று கம்பனி என்று எண்ணித்தான் விலை ஒப்பிடுவார்கள். மூன்றுமே பியூர் ஃபிஷிங் என்ற ஒரே வீட்டுப் பிள்ளைகள். அந்த வீடும் கைமாறிக்கொண்டே இருந்தது: 2007இல் ஜார்டன் என்ற கம்பனி வாங்கியது, 2016இல் ஜார்டனே நியூவெல் என்ற இன்னொரு கம்பனியுடன் சேர்ந்தது, 2018 இறுதியில் நியூவெல் அதைச் சைக்கமோர் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு ஏறத்தாழ 130 கோடி டொலருக்கு விற்பதாக அறிவித்தது. ஒவ்வொரு கைமாற்றத்துக்குப் பிறகும் மாதிரிப் பட்டியல் சுருங்கினால், பழைய றீலுக்குப் பல்சக்கரமோ சுருளோ கேட்டு வருபவருக்கு நான் கைவிரிக்க வேண்டியிருக்கிறது. புதிய றீலை விற்றுவிடலாந்தான். ஆனால் பதினைந்து வருடம் பாவித்த றீலைக் கையில் ஏந்திக்கொண்டு வருகிற மனுசனிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

உங்கள் முள்ளின் கதையும் இப்படித்தான். பிரான்ஸ் நாட்டு வி.எம்.சி. முள் கம்பனியை 2000ஆம் ஆண்டில் பின்லாந்தின் ராப்பாலா வாங்கியது. ராப்பாலா உலகம் அறிந்த பொய்யிரைக் கம்பனி. 1936இல் லவ்ரி ராப்பாலா என்ற மீனவர் தன் கையால் செதுக்கிய இரைதான் அதன் தொடக்கம். இதில் சட்டப்படி தவறேதும் இல்லை, முட்களும் தரமானவை. ஆனால் பொய்யிரை செய்கிற சிறு ஆள் ஒருவர், தனக்குப் போட்டியாகப் பொய்யிரை விற்கிற கம்பனியிடமிருந்தே முள் வாங்க வேண்டிய நிலை இருக்கிறது. தட்டுப்பாடு வருகிற காலத்தில் எவருக்கு முதலில் முள் போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இனி உங்கள் ஒப்பந்தம். 90 நாள் கடன் என்பது பெரிய கடைகளின் வழக்கம். அதைத் தாங்கக்கூடியவன் வங்கியில் மேலதிகப் பற்று வைத்திருப்பவன். நீங்கள் இந்த மாதம் எபொக்சியும் முள்ளும் கைக்காசுக்கு வாங்கி, நான்காவது மாதம் பணம் பார்ப்பீர்கள். அதற்குள் மூன்று மாதச் சரக்கு அவரிடம் போயிருக்கும். மாதத்துக்கு நாற்பதாக நூற்றிருபது இரைகள். விற்காததைத் திருப்பி அனுப்பலாம் என்று ஒரு வரி அந்தக் கடிதத்தில் இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள். நானே ஒருமுறை அத்தகைய வரியைக் கவனிக்காமல் ஒப்புக்கொண்டு, உப்புக்காற்றில் துருவேறிய தூண்டில் முட்களை ஒரு வருடம் கழித்து முழு விலைக்குத் திரும்ப ஏற்றிருக்கிறேன். அந்தப் பெட்டி இன்னமும் என் கடையின் மேல் தட்டில் கிடக்கிறது.

எறிதூண்டில் (திருக்கோவில்) எழுதியது:

மேலே எழுதிய இருவரையும் மதிக்கிறேன். ஆனால் பழி முழுவதையும் இணைப்புகளின் தலையில் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நம் நாட்டில் 2020 முதல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தன. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. 2024 ஜனவரியில் பெறுமதிசேர் வரி 18 சதவீதமாக உயர்ந்தது. திருக்கோவிலிலோ பொத்துவிலிலோ ஒருவர் நல்ல முள் வாங்க முடியாமற்போனதற்கு இவை மூன்றும் நேரடிக் காரணங்கள்; ஸ்பிரிங்ஃபீல்டில் எந்த மேசை மூடப்பட்டது என்பது அதற்கு அப்பால் வருவது. அமெரிக்கச் சிறு செய்வினைஞருக்கும் அவருடைய சொந்த நாட்டுச் சுமை உண்டு: அங்கே விற்பனைக்காகத் தூண்டில் சாமான் செய்பவர் எவரும், வீட்டுக் கொட்டிலில் செய்தாலும், 10 சதவீதக் கூட்டாட்சி வரி கட்ட வேண்டும். 1950இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அந்தப் பணம் மீன்வளப் பாதுகாப்புக்குப் போகிறது என்பதால் பெரும்பாலானோர் அதை மனமுவந்து கட்டுகிறார்கள்.

ஆனால் உங்கள் முள் சிக்கலுக்கு ஒரு வழி இருக்கிறது, அதைத்தான் விரிவாக எழுத விரும்புகிறேன். நானும் முள்முருக்கில் செய்பவன். எனக்கும் இதே கதி நேர்ந்தது: வழக்கமான முள் கிடைக்காமல், அதே 1/0 என்ற அளவிலக்கம் அச்சிட்ட வேறொரு கம்பனி முள்ளை மாட்டினேன். நேற்றுவரை எறிந்தவுடன் மேலே வந்து நின்று, சுழற்றும்போது தலையை ஆட்டிக்கொண்டு அமிழ்ந்த இரை, அன்று வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு பிணம்போல நகர்ந்தது. நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். முள்ளொன்றுக்கு ஒரு கிராம் கூடுதல். இரண்டு முள்ளுக்கும் இரண்டு கிராம். 12 சென்டிமீற்றர் இரைக்கு இரண்டு கிராம் என்பது பெரிய சுமை. முள் இலக்கங்கள் கம்பனிக்குக் கம்பனி மாறுபடும், கம்பியின் தடிப்பைக் காட்டும் எக்ஸ் குறியும் அப்படியே. அவற்றுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஆகவே இலக்கத்தை நம்பாமல், தண்டின் நீளம், வாயின் அகலம், எடை ஆகிய மூன்றையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.

அதன்பின் நான் செய்யும் முறை இது. மரத்தைச் சீவி முதற் பூச்சுப் பூசிய பிறகு, வயிற்றுத் துளையில் ஈயம் வைக்காமல், கையிலிருக்கும் முட்களை நூலால் கட்டித் தொங்கவிட்டு, ஒரு வாளி உப்புத் தண்ணீரில் மிதக்க விடுவேன். வாவித் தண்ணீரே வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் மிதப்பு வேறுபடும். பிறகு ஈயத்தைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, வயிற்றில் மெழுகால் ஒட்டி, இரையின் முதுகு ஒரு விரற்கடை வெளியே தெரியும் வரை சேர்ப்பேன். அந்த ஈயத்தை மட்டும் துளைக்குள் வைத்து மூடுவேன். இரை அமிழ்ந்து ஓடத் தலைப்பக்கத்தில் செருகும் தெளிந்த தகட்டையும் கடையில் வாங்குவதில்லை. கூரைக்குப் போடும் பொலிகார்பனேட் தகட்டில், உள்ளே குழாய் இல்லாத திண்ணத் தகட்டின் வெட்டுத் துண்டுகளை வேலைத்தளங்களில் கேட்டால் சும்மா கொடுப்பார்கள். இந்த முறைக்கு வந்த பிறகு எந்தக் கம்பனி முள் வந்தாலும் நான் பயப்படுவதில்லை. ஒரே முள்ளை நம்பி இரையை வடிவமைத்தது நம்முடைய பிழை என்று எனக்குத் தோன்றுகிறது, ஒரே வியாபாரியை நம்புவதைப் போலவே.

வாழைச்சேனைப் படகு எழுதியது:

சுருக்கமாக ஒரு வார்த்தை. பாசிக்குடாவுக்கு வரும் வெளிநாட்டவரைத் தூண்டில் போட அழைத்துச் செல்பவன் நான். அவர்கள் தங்கள் பெட்டியில் பெரிய கம்பனி இரைகள் நிறைய வைத்திருந்தும், இந்த இரையை இந்த ஊரில் இன்னார் செய்தார் என்று சொன்னால் உடனே விலை கேட்கிறார்கள். வயிற்றில் செய்தவருடைய எழுத்து இருந்தால் இன்னும் விருப்பம். கடையின் பெயர் இருந்தால் அதைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆகவே அண்ணா, மற்ற இரண்டு நிபந்தனைகளையும் எப்படியாவது பேசிக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த பருவத்துக்கு எனக்குப் பத்து இரை வேண்டும், கைக்காசு தருகிறேன்.

வாவிக்கரையோன் (கல்லடி) எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சாய்ந்தமருது நானா சொன்ன வரி அந்தக் கடிதத்தில் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தின் அடியில், விற்பனையாகாத சரக்கை எந்நேரமும் திருப்பி அனுப்பக் கடைக்கு உரிமையுண்டு என்று எழுதியிருக்கிறார்கள். நான் மூன்று முறை வாசித்தும் அதன் பொருள் எனக்குப் பிடிபடவில்லை.

நேற்று இரவு திருக்கோவில் நண்பர் சொன்னபடி வாளியில் வைத்துப் பார்த்தேன். வாவித் தண்ணீரை மகள் அள்ளி வந்தாள். புது முட்களைக் கட்டியதும் இரை வாலைக் கீழே போட்டது. பின்வயிற்றிலிருந்த ஈயத்தில் ஏறக்குறைய பாதியைக் குறைத்ததும் நிமிர்ந்தது. இத்தனை ஆண்டுகளாகப் பழைய முள்ளின் எடையைத்தான் என் கை மனப்பாடம் செய்து வைத்திருந்தது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். மீதமிருக்கும் பதினெட்டு மர இரைகளையும் இனி இப்படியே சரிபார்ப்பேன்.

அந்த வியாபாரிக்கு இன்று பதில் எழுதினேன். மாதத்துக்குப் பதினைந்து இரைகள் மட்டும் தருவேன், என் பெயர் வயிற்றில் இருக்கும், அவர் விரும்பினால் அட்டையில் தன் கடைப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம், பணம் 30 நாட்களுக்குள் வேண்டும், மற்றவர்களுக்கு விற்கும் உரிமை என்னிடமே இருக்கும் என்று குறித்திருக்கிறேன். அவர் மறுத்தால் சில மாதம் சிரமப்பட நேரிடும்; மனைவியிடம் சொல்லிவிட்டேன், அவருக்கும் இதுவே சரியென்று படுகிறது.

நானா, ஒரு வேண்டுகோள். நாங்கள் இருவரும் மட்டும் தனித்தனியே வாங்கினால் முள் மொத்த விலைக்கு வராது. நானும் திருக்கோவில் நண்பரும் இன்னும் விருப்பமானவர்களும் சேர்ந்து ஒரே அளவில் ஆயிரம் மும்முள் எடுப்பதானால், உங்கள் கடையின் பெயரில் இறக்குமதியாளரிடம் கேட்க முடியுமா?

கடற்கரை வீதிக் கடை (சாய்ந்தமருது) எழுதியது:

முடியும், இன்ஷா அல்லாஹ். எனக்கு வருகிற சரக்கோடு சேர்த்துக் கேட்கிறேன். எனக்கு லாபம் வேண்டாம், ஏற்றுகூலியில் உங்கள் பங்கை மட்டும் தாருங்கள். ஆனால் ஆயிரத்துக்கு ஒப்புக்கொள்ளுமுன் மாதிரிக்கு ஒரு பெட்டி எடுப்போம். திருக்கோவில் தம்பி தன் தராசையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு ஒருநாள் கடைக்கு வரட்டும். முள்ளை உப்புத் தண்ணீரில் ஒரு கிழமை ஊறப்போட்டுத் துருவையும் பார்த்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கடை திறந்திருக்கும்.

எறிதூண்டில் (திருக்கோவில்) எழுதியது:

வருகிறேன் நானா. என்னிடம் பழைய முட்கள் ஏழு வகை இருக்கின்றன, ஒப்பிட்டுப் பார்க்க அவற்றையும் கொண்டு வருகிறேன். கல்லடி நண்பர் வயிற்றைத் திறந்து ஈயம் குறைத்த அந்த இரையையும் கொண்டுவந்தால் நல்லது.